வாளேந்திய கையில் எண்ணெய்க் கிண்ணம்

ஜப்பானியரின் கதைகளிலும் திரைப்படங்களிலும் அடிக்கடி தலைகாட்டும் பாத்திரம் ஒன்று உண்டு. தெருக்கோடியிலே சிறியதொரு நூடுல்ஸ் கடை. அடுப்பில் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். அகப்பையைப் பிடித்து நிற்பவரோ ஒரு காலத்தில் இடையில் இரண்டு வாள்களைச் செருகி நடந்த சாமுராய் வீரர். போர் ஓய்ந்துவிட்டது; படியளந்த பிரபுவும் இல்லை; வயிறு மட்டும் ஓயவில்லை. ஆகவே அவர் நூடுல்ஸ் விற்கிறார். கடைக்கு வந்து இரண்டு காசுக்குச் சாப்பிட்டுப் போகும் கூலியாளுக்கு, தமக்குப் பரிமாறிய கை எப்படிப்பட்ட கை என்பது தெரியாது.

இஃது வெறுங்கற்பனையன்று. ஜப்பானில் 1868-ஆம் ஆண்டு பழைய படைத்தலைவர் ஆட்சி வீழ்ந்து, மெய்ஜி மாமன்னரின் புதிய அரசாங்கம் ஏற்பட்டது. 1871-இல் பிரபுக்களின் நாடுகள் யாவும் ஒழிக்கப்பட்டன. 1873-இல் குடியானவன் மகனும் வணிகன் மகனும் துப்பாக்கி ஏந்தக் கடமைப்பட்ட கட்டாயப் படைச்சேவை வந்தது. 1876-இல் சாமுராய்கள் பொதுவிடத்தில் வாள் தரிக்கலாகாது என்று ஆணை பிறந்தது. அவ்வாண்டே அவர்களுடைய பரம்பரை மானியங்கள் நிறுத்தப்பட்டு, ஈடாகக் கடன் பத்திரங்கள் கையில் கொடுக்கப்பட்டன. எட்டே ஆண்டுகளில் ஒரு வகுப்பாரின் தொழில், ஊதியம், அடையாளம் மூன்றும் போயின. பத்திரத்தை விற்றுக் கடை வைத்தவர் பலர். கடையையும் தோற்றவர் அவருள் மிகப் பலர். கொள்முதல் விலையும் அறியாமல், வாடிக்கையாளரிடம் தலை வணங்கவும் தெரியாமல் நடத்தப்பட்ட அக்கடைகளைக் கண்டு, முதலை இழக்கும் வாணிகத்துக்குச் ‘சாமுராய் வியாபாரம்’ என்றே ஜப்பானிய மொழியில் ஒரு வழக்கு ஏற்பட்டுவிட்டது.

தோற்காதவரும் இருந்தனர். கிமுரா யாசுபெய் என்பவர் கீழ்ப்படியிலிருந்த ஒரு சாமுராய். ஐம்பது வயதைக் கடந்தபின் 1869-இல் தோக்கியோ நகரில் ரொட்டிக்கடை வைத்தார். ரொட்டி அந்நாட்டு மக்களுக்கு அந்நியப் பண்டம். ஆகவே அரிசி மதுவுக்கு இடும் புளிப்பைக் கொண்டு மாவைப் புளிக்க வைத்து, உள்ளே இனிப்பிட்ட பயற்றுப் பூரணத்தை அடைத்து, 1874-இல் புதிய பண்டம் ஒன்றைச் செய்தார். மறு ஆண்டு அது மாமன்னரின் திருமுன் வைக்கப்பெற்றது. அவர் கடை கின்சா வீதியில் இன்றும் நடக்கிறது. நம்முடைய கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி என்று அப்பண்டத்தைச் சொல்லலாம்.

ஆயினும் நம் கருத்தைக் கவர்ந்தவர் ரொட்டிக்காரர் அல்லர்; எலும்பு கட்டிய மற்றொருவர். ஃபுகுதா ஹாச்சினோசுகே என்னும் அவர், பழைய அரசாங்கத்தின் படைப்பயிற்சிக் கூடத்தில் வெறுங்கைப் போர் முறையாகிய ஜுஜுத்ஸுவைக் கற்பித்தவர். ஆட்சி மாறியபின் தோக்கியோவில் சிறிய இடமொன்றில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டிப் பிழைத்தார். 1877-இல் கானோ ஜிகோரோ என்ற கல்லூரி மாணவர் அக்கலையைக் கற்க விரும்பினார். ஆசிரியரை எப்படித் தேடினார் தெரியுமா? வீதி வீதியாக எலும்பு கட்டுவோரின் பெயர்ப் பலகைகளைத் தேடி நடந்தார். பழைய போர் ஆசான்கள் எலும்பு கட்டித்தான் சீவிப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வாறு ஃபுகுதாவை அடைந்து கற்ற அம்மாணவரே பின்னர் 1882-இல் ஜூடோ என்னும் கலையை நிறுவி, உலகெங்கும் பரவச் செய்தவர்.

நிற்க. பாறசாலையில் குடியிருக்கும் நாம் ஜப்பானைப் பற்றி இவ்வளவு நீட்டுவானேன் என்று நேயர்கள் வினவலாம். நெய்யாற்றின்கரையிலிருந்து களியிக்காவிளை வரை நெடுஞ்சாலையிலும், அதிலிருந்து பிரியும் ஊர்வழிகளிலும் ஒருநாள் மெல்ல நடந்து பாருங்கள். மலையாள எழுத்தில் ‘மர்ம சிகிச்சை’ என்று எழுதிய பலகைகள் கண்ணிற்படும். எல்லையைத் தாண்டினால் அதுவே தமிழெழுத்தில் ‘வர்ம வைத்தியசாலை’ ஆகிவிடும். கானோ தேடியலைந்த பலகைகளுக்கும் இவற்றுக்கும் வேற்றுமை மிகுதியில்லை. இப்பலகைகளுக்குப் பின்னால் இருப்பவரும் போர்த்தொழில் வழி வந்த ஆசான்களே.

இந்நாட்டில் படை எவ்வாறு அமைந்திருந்தது என்பதை முதலிற் சொல்லவேண்டும். தென் திருவிதாங்கூரில் ஊர்தோறும் களரிகள் இருந்தன. ஆசானிடம் அடிமுறையும் சிலம்பமும் வாளும் பயின்ற இளைஞரே, அழைப்பு வந்தபோது படையாகத் திரண்டனர். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்து அம்மச்சிப் பலாவின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்று சொல்லப்படுபவர் மார்த்தாண்ட வர்மா. அவர் அரசராகி, 1741 ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். அப்போரிற் பிடிபட்ட டி லனாய் என்ற அந்நியரையே தம் படைக்கு ஆசானாகவும் ஆக்கிக்கொண்டார். உதயகிரிக் கோட்டையில் துப்பாக்கியும் பீரங்கியும் கொண்டு ஐரோப்பிய முறையில் வரிசைப் படை பழக்கப்பட்டது. டி லனாய் 1777-இல் இறந்தார். அக்கோட்டைக்குள் அவருடைய கல்லறை, தமிழிலும் இலத்தீனிலும் பொறித்த எழுத்துகளோடு இன்றும் இருக்கிறது. களரி ஆசானுக்கு அரண்மனையில் இருந்த தேவை அன்றைக்கே குறையத் தொடங்கிவிட்டது என்பது நம் கருத்து. துப்பாக்கிக் குண்டுக்குப் படுவர்மம் எது, தொடுவர்மம் எது என்ற கணக்குக் கிடையாது.

பின் வந்த அடி இன்னும் பெரிது. ஆங்கிலக் கம்பெனியோடு 1805-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கம்பெனிப் படையின் செலவுக்காகத் திருவிதாங்கூர் ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் கட்டவேண்டியதாயிற்று. பிறர் படைக்கு ஊதியம் தரும் நாடு, தன் படைக்குத் தரும் படியைக் குறைக்க முயன்றது; 1804-இல் நாயர் படையினர் கலகம் செய்ததும் அப்படி ஒரு குறைப்பின் பொருட்டே. 1809-இல் தளவாய் வேலுத்தம்பி கம்பெனிக்கு எதிராகக் குண்டறையில் அறைகூவல் விடுத்தார்; ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது; அவரும் மண்ணடியில் உயிர் துறந்தார். அதன்பின் நாட்டுப் படை கலைக்கப்பட்டது. அரண்மனைக் காவலுக்கும் சடங்குகளுக்கும் வேண்டிய சில நூறு பேரே எஞ்சினர். எஞ்சிய பிரிவு பிற்காலத்தில் வளர்ந்து நாயர் பிரிகேட் ஆகி, இன்று இந்தியத் தரைப்படையின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 9-ஆம் பட்டாளமாக நிற்கிறது. கலைந்து வீடு திரும்பியவர்களுக்கோ வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை.

அவர்களுட் பெரும்பாலோர் ஏர் பிடிக்கத்தான் போயிருப்பர். ஒவ்வொரு வர்ம ஆசானின் பாட்டனாரும் வேலுத்தம்பியின் படையில் நின்றவர் என்று நாம் கதை கட்டப் போவதில்லை. இக்கலை நாயர் குடும்பங்களில் மட்டுமன்றி நாடார் குடும்பங்களிலும், வேறு பல சமூகத்தாரிடத்தும் வழங்கி வந்திருக்கிறது. போர் வழக்கொழிந்த நாட்டில், களரி ஆசானின் கலையில் ஒரு பாதிக்கு விலையில்லாமற் போயிற்று. மறு பாதிக்கு மட்டும் என்றும் தேவை இருந்தது என்பதே நாம் சொல்ல வருவது. பனையிலிருந்து விழுபவன் விழுந்துகொண்டுதான் இருந்தான். மாடு முட்டுவதும் வண்டி குடைசாய்வதும் நின்றபாடில்லை.

அந்த இரு பாதிகளும் ஒரே கலையாய் இருப்பதுதான் வியப்பு. மனித உடம்பில் 108 வர்மங்கள் உள்ளன என்பது ஆசான்கள் வழக்கு. அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். உச்சந்தலையில் கொண்டைக்கொல்லி, புருவ மத்தியில் திலர்த காலம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. விரற்கடை அளவால் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே அடிபட்டால் உடம்பில் என்ன குறி தோன்றும், எத்தனை நாழிகைக்குள் பார்த்தாக வேண்டும், எந்த இடத்தைத் தட்டினால் அல்லது தடவினால் மயங்கியவன் மீள்வான் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும். மீட்கும் இடங்களுக்கு அடங்கல் என்றும், இளக்கிவிடும் வகைக்கு இளக்குமுறை என்றும் பெயர். அடிக்கக் கற்பவன் மீட்கவும் கற்றாக வேண்டும். மீட்கத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசான் ஆசானே அல்லன் என்பது இவ்வட்டாரத்துக் கொள்கை. 1996-இல் வெளிவந்த ‘இந்தியன்’ திரைப்படத்தில், நேதாஜியின் படையில் இருந்த முதியவர் இரு விரலால் எதிரிகளை முடக்கியதைக் கண்டு கைதட்டினோம். அம்முதியவர் ஒருவருக்கேனும் சுளுக்கு எடுத்துவிட்டிருந்தால் வர்மத்தின் மறு பாதியும் உலகுக்குத் தெரிந்திருக்கும்.

நமக்குத் தெரிந்த ஆசான் ஒருவர் பாறசாலைக்கு அருகே ஓர் ஊர்வழியில் இருக்கிறார். பெயரும் ஊரும் குறிக்க அவர் இசையவில்லை; காரணம் பின்னர் விளங்கும். வயது எண்பதை நெருங்குகிறது. ஓட்டு வீட்டின் முன்திண்ணையே வைத்தியசாலை. சுவரலமாரியில் காயத்திருமேனித் தைலமும், முறிவெண்ணெயும், வேறு சில எண்ணெய்களும் பழைய குப்பிகளில் நிற்கும். ஒரு மூலையில் செதுக்கிய மூங்கிற் பத்தைகள். வெளுத்துக் கிழித்த துணிச் சுருள்கள். கட்டுக்கு அரைக்க உளுந்து. நாம் ரயில்வேயில் எழுத்தராய் இருப்பதால் பயணச்சீட்டுச் சாளரத்திலேயே அவருடைய நோயாளிகளை அடையாளங் கண்டுகொள்வதுண்டு. பிடரியில் தைலம் மணக்க, தோளைச் சாய்த்துக்கொண்டு, திருவனந்தபுரத்துக்குத் திரும்பும் வண்டி எப்போது என்று கேட்பார்கள்.

வெற்றிலையின்மேல் வைத்ததை எடுத்துக்கொள்வாரேயன்றி இவ்வளவு என்று அவர் கேட்டு நாம் கண்டதில்லை. சாமுராய் வியாபாரத்தின் ஓர் அம்சம் அவரிடமும் உண்டு போலும். ஒருமுறை நம் உடனூழியர் ஒருவர், முழங்கை பிசகிய தம் சிறுவனைத் தூக்கிக்கொண்டு அங்கே சென்றார். நாமும் உடன் சென்றோம். ஆசான் விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். கையைப் பிடித்து ஒருமுறை மடக்கப் போனவர், பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“மக்களே, இது நான் கட்டும் கட்டு இல்லை. உள்ளே பிளந்திருக்கிறது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. படம் எடுத்துப் பார்க்கட்டும்.”

சிறுவனின் தந்தை தயங்கி நின்றார். ஆசான் கடிந்துகொண்டார். மருத்துவமனையில் எடுத்த படம் அவர் சொன்னதையே சொல்லிற்று. தம்மாற் கூடாததைக் கூடாது என்று சொல்லும் துணிவை நாம் அவரிடம் மிகவும் மதிக்கிறோம். அத்துணிவு இல்லாமல், நல்ல முறிவைக் கோணலாகக் கட்டி, வாழ்நாள் முழுதும் வளைந்த கையோடு அலையவிட்டோரும் இவ்வட்டாரத்தில் இல்லாமலில்லை. பலகை தொங்கவிட்டவர் எல்லாரும் ஆசான் ஆகிவிடமாட்டார்.

இங்கேதான் சட்டம் வருகிறது. பதிவு பெற்றவரே மருத்துவம் செய்யலாம் என்பது 1953-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தின் விதி. பரம்பரை வைத்தியர்கள் வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். தகுதியும் பதிவும் இல்லாதோர் பரம்பரையைக் காட்டி மருத்துவம் செய்யலாகாது என்று அம்மன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பொதுமக்களின் உயிரை எண்ணிச் சொன்ன தீர்ப்பை நாம் குறைகூற முற்படவில்லை. கோணற் கைகளை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் அதற்குப்பின் ஆசான் தம் பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இப்போது திண்ணைக்கு வருவோர் கேள்விப்பட்டு வருவோர் மட்டுமே. அவருடைய மக்கள் இருவரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். எண்ணெய்க் கிண்ணத்தோடு சட்டத்துக்கும் அஞ்சி வாழ் என்று எந்தத் தகப்பன் மகனுக்குச் சொல்வான்?

ஜப்பானியர் இதே சிக்கலை வேறு வகையில் அவிழ்த்தனர். ஜுஜுத்ஸு ஆசான்களின் எலும்பு வைத்தியத்தை அரசாங்கம் முதலில் ஒதுக்கித்தான் வைத்தது. அவர்கள் விடாது முறையிட்டதன் பயனாக 1920-இல் அதற்கெனத் தனித் தேர்வும் உரிமமும் ஏற்பட்டன. இன்று அந்நாட்டில் கல்லூரியிற் பயின்று, தேசியத் தேர்வில் தேறி, ஆயிரக்கணக்கானோர் அத்தொழிலைச் செய்கின்றனர். சுளுக்கும் சதைப்பிடிப்பும் அவர்கள் பார்க்கலாம்; எலும்பு முறிவென்றால், முதலுதவிக்கு மேல் தொடர்ந்து பார்க்க மருத்துவரின் இசைவு வேண்டும். நம் ஆசான் சிறுவனின் முழங்கையைக் கண்டு தாமாகச் செய்ததை அங்கே விதியாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது பொருந்தாது. சித்த மருத்துவக் கல்லூரிகளில் வர்மமும் பாடமாக உள்ளது. எல்லைக்கு அப்பால் முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் கல்லூரி இருக்கிறது. இப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்துப் போத்தன்கோட்டில் சாந்திகிரி சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டதாரிகள் வெளிவருகின்றனர். அவர்கள் கற்பது அச்சிட்ட நூலில் உள்ள வர்மம். ஆசானின் விரல் நுனியில் இருப்பதும் அவர் பெட்டியில் இருப்பதும் இன்னும் அவ்விடங்களுக்குச் சென்று சேரவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. தமிழராகிய நமக்கு இதில் தனிப்பட்ட உரிமை இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. வடக்கன் களரியார் பரசுராமரைத் தம் முதலாசானாகக் கொள்வர். தெக்கன் முறையாரோ அகத்தியரைக் கொள்வர். நெய்யாறு பிறக்கும் அகத்தியர்கூடம், 1,868 மீட்டர் உயரத்தில், தெளிந்த நாட்களில் இவ்வூர்களிலிருந்தே தெரிகிறது. முனிவர் அங்கிருந்தாரோ இல்லையோ, ஏடுகளின் மொழி தமிழ். நாயர் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் நாடார் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும், வர்ம ஏடு தமிழ்ச் செய்யுளில்தான் இருக்கும். ‘வர்ம பீரங்கி’ என்றே ஒரு நூல் உண்டு. பீரங்கி என்னும் சொல் இந்நாட்டுக்கு வந்தபின் வைத்த பெயர் என்பது வெளிப்படை. தம் கலையைத் தோற்கடித்த கருவியின் பெயரையே எடுத்துத் தம் நூலுக்குச் சூட்டிய அந்தப் புலவர் யாரோ, சிரிக்கத் தெரிந்தவராய் இருந்திருக்க வேண்டும்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லையின் இப்பால் பிறந்த பிள்ளைகள் மலையாளப் பள்ளியிற் படித்தனர், அது இயல்பே. அதன் விளைவாக, ஆசானின் பேரன் நன்றாகத் தமிழ் பேசுவான். எழுத்துக் கூட்டவும் அறியான். பாட்டனாரின் கண் மங்கிவிட்டது. இரண்டு தலைமுறைக்கு இடையே அந்த ஏடுகள் வாயில்லாமற் கிடக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் சரசுவதி பூசையன்று பெட்டியைத் திறந்து, எண்ணெய் தடவித் துடைத்து, மறுபடியும் கட்டி வைத்துவிடுகிறார்கள். செல்லரிப்பது பூசைக்குக் காத்திருப்பதில்லை. ஓரங்கள் ஏற்கெனவே உதிரத் தொடங்கிவிட்டன.

காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. அங்கே கொடுத்தால் பாதுகாப்பர் என்று ஆசானிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, பெட்டி வீட்டைவிட்டுப் போக வேண்டாம், நீங்கள் வந்து படித்து எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதிலும் ஒரு நிபந்தனை.

“கட்டும் மருந்தும் அடங்கலும் உள்ள ஏட்டை எழுதிக்கொள்ளலாம், மக்களே. அடி உள்ள ஏடு நாலு உண்டு. சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதை நான் இருக்கும்வரை அவிழ்க்க வேண்டாம்.”

“அதன் பிறகு, ஆசானே?”

“அதைப் பேரன் சொல்வான். அவனுக்கு முதலில் எழுத்துப் படிக்கக் கொடுங்கள்.”

அவ்வண்ணமே பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தமிழெழுத்துப் பாடம் தொடங்கியிருக்கிறது. ஏடு படித்துப் படியெடுக்க மூவர் முன்வந்துள்ளோம். பழைய எழுத்தும் புள்ளியில்லாத மெய்யும் எங்களைப் பல இடங்களிற் கால் இடறச் செய்கின்றன. இதுவரை பதினொரு ஏடுகள் முடிந்துள்ளன. சுவடி படித்துப் பழகிய பெரியோர் யாரேனும் நம் சங்கக் குடும்பங்களில் இருப்பின், அல்லது அத்தகையோரை ஊரில் அறிந்திருப்பின், சங்கச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். வருவோர் செருப்பை வாயிலிற் கழற்றிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஈரக் கையால் ஏட்டைத் தொட ஆசான் விடுவதில்லை.